மலைக்கோரைகளை இனம்பிரித்தல்: தாவர நூல்களும் தமிழ்க் கட்டுரைகளும்

சைப்பரேசியே எனப்படும் கோரைக் குடும்பத்தின் மிகப் பெரிய பேரினம் காரெக்ஸ். உலகெங்கும் ஏறக்குறைய 2,000 சிற்றினங்களைக் கொண்டது. குளிர்ந்த நாடுகளிலும் மலைகளிலும் மிகுதியாக வளர்கிறது. தமிழ்நாட்டில் நீலகிரி, பழனிமலை, ஆனைமலை போன்ற உயர்ந்த மலைகளின் சதுப்புகளிலும் சோலை ஓரங்களிலும் புல்வெளிகளிலும் இதன் சிற்றினங்கள் உள்ளன. இக்கட்டுரையில் மலைக்கோரை என்ற சொல் இவற்றையே குறிக்கிறது. நெருங்கிய உறவுடைய மலைக்கோரைகளை வேறுபடுத்தி அறியத் தாவர நூல்கள் எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன, தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் எங்கே தவறுகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கட்டுரையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தாவரவியல் ஆராய்ச்சியாளர் அல்லர். ஒரு தவறுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. சில ஆண்டுகளுக்கு முன் கோரையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினேன். படத்தை வல்லக்கோட்டை ஏரிக்கரையில் எடுத்தேன். வருணனையை ஒரு நூலிலிருந்து தொகுத்தேன். அதைப் படித்த கல்லூரி மாணவி ஒருவர், "ஐயா, படத்தில் உள்ளது ஒரு செடி, எழுதியிருப்பது இன்னொரு செடி. தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் வெட்டிப் பார்க்கவில்லை. கட்டுரையில் எழுதிய ஒவ்வொரு வரியும் இரண்டு செடிகளுக்கும் பொருந்தியதால்தான் பிழை என் கண்ணில் படவில்லை. இந்தக் குறை என்னுடையது மட்டும் அன்று என்பது பிற கட்டுரைகளைப் படித்தபோது தெரிந்தது.

கோரை என்னும் பெயர்

தமிழில் கோரை என்பது ஒரு செடியின் பெயர் அன்று. ஒரு கூட்டத்தின் பெயர். வயலில் களையாக வளர்ந்து, மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு, முத்தக்காசு என்ற பெயர்களில் விற்கப்படுவது சைப்பெரஸ் ரோட்டண்டஸ். மணற்பாங்கான இடங்களில் வளர்ந்து, பஞ்ச காலத்தில் உணவான சிலந்தியரிசி சைப்பெரஸ் பல்போசஸ். பாய் முடையப் பயன்படுவது சைப்பெரஸ் பங்கோரி. ஏரிகளில் ஆளுயரம் வளரும் சம்பு, சம்பங்கோரை என்றும் அழைக்கப்படுகிறது; ஆனால் அது கோரைக் குடும்பத்தையே சேர்ந்ததன்று. அது டைஃபா என்ற வேறு பேரினம்.

மக்கள் வழக்கில் இதனால் இடர் இல்லை. பாய் முடைபவர் தமக்கு வேண்டிய கோரையைத் தவறாமல் எடுப்பார். களை பறிக்கும் பெண்களுக்குக் கிழங்குள்ள கோரையும் கிழங்கில்லாத கோரையும் தனித்தனியே தெரியும். ஒருவருடைய கைப்பழக்கத்தில் இருக்கும் வேறுபாடு எழுத்துக்கு வரும்போதுதான் கரைந்துவிடுகிறது. கட்டுரை எழுதுபவர் "கோரை" என்ற ஒரே தலைப்பின் கீழ் கிழங்கின் மருத்துவக் குணத்தையும் பாயின் சிறப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறார். படிக்கும் மாணவர், முத்தக்காசுக் கிழங்கைத் தரும் செடியிலிருந்துதான் பத்தமடைப் பாயும் வருகிறது என்று எண்ணிக்கொள்கிறார்.

சமவெளிக் கோரைகளுக்காவது இப்படிச் சில தனிப்பெயர்கள் இருக்கின்றன. மலைக்கோரைகளுக்குப் பொதுத்தமிழில் அதுவும் இல்லை. எனவே அவற்றைப் பற்றி எழுதும்போது அறிவியல் பெயரும் சரியான வருணனையும் இரட்டிப்பாகத் தேவைப்படுகின்றன.

புல்லும் கோரையும்

முதல் குழப்பம் புல்லோடு வருகிறது. இதைத் தீர்ப்பது எளிது. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையானது, கணுக்கள் உண்டு, கணுவிடைப் பகுதி பல புற்களில் உள்ளீடற்றது. இலைகள் இரண்டு வரிசையில் அமைந்திருக்கும். இலையுறை ஒரு பக்கம் திறந்திருக்கும். கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோணமானது. உள்ளே சோறு நிறைந்தது. இலைகள் மூன்று வரிசையில் அமையும். இலையுறை குழாய் போல மூடியிருக்கும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும்.

விதிவிலக்குகளும் உண்டு. சைப்பெரஸ் ஆர்ட்டிகுலேட்டஸ் என்ற நீர்க்கோரையின் தண்டு உருண்டையானது. காய்ந்தபின் குறுக்குத் தடுப்புகள் வளையம் வளையமாகத் தெரியும். இதற்கு நெருக்கமான சைப்பெரஸ் கோரிம்போசஸ், சைப்பெரஸ் பங்கோரி ஆகியவற்றைப் பிரிக்கத் தண்டின் வடிவமும் பூங்கொத்தின் அடியிலுள்ள இலைகளின் நீளமும் கவனிக்கப்படுகின்றன. மாணவி என்னிடம் கேட்ட கேள்வியின் பொருள் இதுதான்.

கனிப்பை என்னும் அடையாளம்

காரெக்ஸ் பேரினத்தை மற்றக் கோரைகளிலிருந்து பிரிப்பது ஒரு சிறிய பை. இதன் பூக்கள் ஒருபாலானவை. ஆண் பூவில் ஒரு செதிலும் மகரந்தத் தாள்களும் மட்டுமே இருக்கும். பெண் பூவில் செதிலுக்கு உட்புறம் சூலகத்தை முழுவதும் மூடிய ஒரு பை இருக்கும். பையின் நுனித் துளை வழியே சூல்முடிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு சிறு கொட்டை உருவாகும். இந்தப் பையைக் கனிப்பை என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

மலைக்கோரைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க உதவும் பண்புகளில் பெரும்பகுதி இந்தச் சில மில்லிமீட்டர் பையைச் சுற்றியே அமைந்துள்ளது. பார்க்க வேண்டியவை இவை:

1. சூல்முடிகள் இரண்டா, மூன்றா? இரண்டானால் கொட்டை பெரும்பாலும் இருபுறமும் தட்டையாக, பருப்பு வடிவில் இருக்கும். மூன்றானால் முப்பட்டையாக இருக்கும்.
2. கனிப்பையின் வடிவம், நிறம், நரம்புகள், மயிர் உண்டா இல்லையா, மேற்பரப்பில் புள்ளியோ முண்டோ உண்டா?
3. பையின் நுனி அலகு போல நீண்டுள்ளதா? நேரானதா, வளைந்ததா? இரண்டு பற்களாகப் பிளந்துள்ளதா?
4. பையை ஒட்டிய செதில் பையைவிட நீளமா, குட்டையா?
5. கதிர்களில் ஆண் பூக்கள் மேலா, கீழா, தனிக் கதிரிலா?
6. கதிர்களுக்குக் காம்பு உண்டா? அவை நிமிர்ந்தவையா, தொங்குபவையா?
7. அடியிலுள்ள இலையுறைகளின் நிறம் என்ன? அவை நார்நாராகப் பிரிகின்றனவா?

இந்தப் பட்டியலில் செடியின் உயரமும் இலையின் அகலமும் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை தேவையற்றவை அல்ல. ஆனால் நிழலில் வளர்ந்த செடி நெடியதாகவும், மாடு மேய்ந்த சதுப்பில் வளர்ந்த அதே செடி குட்டையாகவும் இருக்கும். நீரும் மண்ணும் மாற்றக்கூடிய பண்பை முதல் அடையாளமாகக் கொள்வது ஆபத்தானது.

எடுத்துக்காட்டுகள்

காரெக்ஸ் நூபிஜெனா, காரெக்ஸ் ஃபகோட்டா: இரண்டும் தென்னிந்திய உயர்மலைகளின் ஈரமான இடங்களில் வளர்பவை. இரண்டிலும் சூல்முடிகள் இரண்டு. "சதுப்பில் வளரும், கொத்தாக வளரும், இலைகள் குறுகியவை" என்ற வருணனை இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் கதிரைப் பார்த்தால் ஐயம் தீரும். நூபிஜெனாவில் காம்பற்ற சிறு கதிர்கள் தண்டின் நுனியில் நெருங்கி அமைந்து ஒரே தலை போலத் தோன்றும். ஒவ்வொரு கதிரிலும் பெண் பூக்கள் கீழும் ஆண் பூக்கள் மேலும் இருக்கும். ஃபகோட்டாவில் பக்கக் கதிர்கள் காம்புடைய நீண்ட உருளைகள், முதிரும்போது தொங்கும். நுனிக் கதிர் பெரும்பாலும் ஆண் கதிர். ஃபகோட்டா என்ற பெயரே பருப்பு வடிவத்தைக் குறிப்பது. நூபிஜெனா என்றால் முகிலில் பிறந்தது என்று பொருள்.

காரெக்ஸ் பக்கான்ஸ், காரெக்ஸ் மையோசூரஸ்: உயரமான, வலுவான செடிகள், பல கதிர்கள் கொண்டவை, இரண்டிலும் சூல்முடிகள் மூன்று. பக்கான்ஸ் முதிர்ந்தால் அதன் கனிப்பைகள் உப்பி, சிவந்து, பளபளப்பான சிறு பழங்கள் போலத் தோன்றும். பெயரும் பழம் போன்றது என்ற பொருளில்தான் வந்தது. மையோசூரஸ் எலிவாலைக் குறிக்கும் பெயர். மெலிந்து நீண்ட கதிர்களை நினைவூட்டுகிறது. கனிப்பைகள் அப்படிச் சிவந்து உப்புவதில்லை. இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பக்கான்ஸின் சிவப்பு முதிர்ந்த பின்னரே வருகிறது. "சிவந்த கனிகளை உடையது" என்று மட்டும் எழுதிய கட்டுரை, பூக்கும் பருவத்தில் மலைக்குச் சென்ற மாணவருக்குப் பயன்படாது.

காரெக்ஸ் ஃபிலிசினா, காரெக்ஸ் குருசியாட்டா: முன்னது நம் மலைகளிலும் காணப்படுவது, இமயமலைப் பகுதியில் இரண்டும் உண்டு. இரண்டிலும் பூங்கொத்து பலமுறை கிளைத்துப் பெரிதாக இருக்கும். ஃபிலிசினா என்ற பெயர் பெரணியை ஒத்தது என்ற பொருளுடையது. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. கைவில்லையில் பார்த்தால், ஃபிலிசினாவின் கனிப்பையின் அலகு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். குருசியாட்டாவின் பை உப்பியிருக்கும், அலகு குட்டையாக இருக்கும்.

இந்த மூன்று இணைகளும் ஒன்றையே காட்டுகின்றன. ஒரு செடியைப் பற்றிச் சொன்ன செய்தி உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அது அதன் உறவுச் செடிக்குப் பொருந்தாததாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது அடையாளம் ஆகும்.

நூல்கள்: நீஸ் முதல் மாத்யூ வரை

தென்னிந்தியக் கோரைகளின் அறிவியல் வரலாறு தரங்கம்பாடியிலிருந்து தொடங்குகிறது எனலாம். லின்னேயசின் மாணவரான யோகான் கெர்ஹார்டு கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் அனுப்பிய செடிகளைக் கொண்டு டென்மார்க்கின் கிறிஸ்டன் ஃபிரீஸ் ரோட்பூல் 1773இல் பல கோரைகளுக்குப் பெயரிட்டார். சைப்பெரஸ் பங்கோரியும் அவற்றில் ஒன்று. அந்தப் பெயரில் நம் கோரை என்ற சொல்லின் ஓசை இன்றும் கேட்கிறது.

மலைக்கோரைகளுக்கு முதல் பெரிய வெளிச்சம் 1834இல் வந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் வைட் வெளியிட்ட இந்தியத் தாவரவியல் நூலில், கோரைக் குடும்பத்தை ஜெர்மானியரான நீஸ் ஃபான் எசன்பெக் எழுதினார். ஃபிலிசினா, பக்கான்ஸ், மையோசூரஸ் ஆகியவை அவர் வைத்த பெயர்களே. நீஸ் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். உலர்ந்த செடிகளை மட்டும் கண்டு எழுதியவர். அதுவே ஒரு வகையில் நன்மையாயிற்று. நிறமும் நிமிர்வும் போய்விட்ட செடியில் மிஞ்சுவது கனிப்பையும் கொட்டையும்தான். எனவே அவர் அவற்றையே நம்ப வேண்டியிருந்தது. குறை என்னவென்றால் வருணனை இலத்தீனில் உள்ளது. களத்தில் செடி எப்படித் தோன்றும் என்பதற்கு அதில் இடம் குறைவு.

ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவர நூலின் ஆறாம் தொகுதியில் கோரைக் குடும்பத்தை சார்லஸ் பேரன் கிளார்க் எழுதினார். அப்பகுதி 1893–94இல் வெளிவந்தது. இந்தியா முழுவதும் கிடைத்த மாதிரிகளை ஒரே பார்வையில் கொண்டுவந்தது அவருடைய சாதனை. நெருங்கிய செடிகளை ஒரு சிற்றினத்தின் கீழ் வகைகளாக வரிசைப்படுத்தும் முறையை அதில் பரவலாகக் காணலாம். 1909இல் உலகக் காரெக்ஸ் முழுவதையும் தொகுத்த ஜெர்மானியர் கியோர்க் கூக்கெந்தால் இதை இன்னும் விரிவாகச் செய்தார். அவர் தொழிலால் தேவாலயப் போதகர். தன்னார்வமாகத் தாவரம் பயில்பவர்களுக்கு அவர் பெயர் ஊக்கம் தரக்கூடியது. ஆயினும் சிற்றினம், வகை, வடிவம் என்று அடுக்கடுக்காக இறங்கும் அவருடைய முறையில் தொடக்கநிலை மாணவர் திகைத்துப் போவார்.

சென்னை மாகாணத்துக்கென கேம்பிள் தொடங்கிய தாவர நூலை, அவர் 1925இல் மறைந்தபின் ஃபிஷர் தொடர்ந்து முடித்தார். கோரைக் குடும்பம் 1931இல் வந்த பகுதியில் உள்ளது. என் மதிப்பில், கற்பிக்கும் முறையில் இதுவே சிறந்தது. ஒன்றுக்கொன்று எதிரான பண்புகளை வைத்துப் படிப்படியாகப் பிரிக்கும் திறவுகோல் இதில் உண்டு. ஒவ்வொரு வரியும் "இது அதனிலிருந்து எங்கே வேறுபடுகிறது" என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. ஆனால் படங்கள் கிடையாது. சொற்கள் மிகச் சுருக்கமானவை. கலைச்சொல் தெரியாதவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார்.

படங்களின் குறையை ஓரளவு நீக்கியவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஃபைசன். உதகை, கோத்தகிரி, கொடைக்கானல் சுற்றுப்புறச் செடிகளுக்காக 1915 முதல் அவர் வெளியிட்ட நூலும், 1932இல் வந்த மலைநகரங்களின் தாவர நூலும் கோட்டுப்படங்களை முன்னிறுத்தின. மலைக்கு வரும் ஆர்வலரும் பயன்படுத்தக்கூடிய நூல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவை முன்மாதிரிகள்.

பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த கோவிந்தராஜலு தென்னிந்தியக் கோரைகளின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1960களிலும் 70களிலும் தொடர்ந்து எழுதினார். வெளித்தோற்றம் ஏமாற்றும் இடத்தில் இலையின் குறுக்குவெட்டு சான்று கூறும் என்பதை அவருடைய பணி காட்டியது. பள்ளியிலோ களத்திலோ இதைச் செய்வது எளிதன்று என்பது உண்மை.

திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரத் தொகுப்பை நிறுவி வளர்த்த கே. எம். மாத்யூ இந்த வரிசையில் அண்மையவர். தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவர நூலை 1981 முதல் தொகுதிகளாக வெளியிட்டார். பழனிமலைத் தாவர நூல் 1999இல் வந்தது. அவர் 2004இல் காலமானார். களத்தில் எடுத்த மாதிரி, அதை வைத்திருக்கும் இடம், வரைந்த படம், திறவுகோல் ஆகிய நான்கையும் அவர் இணைத்தார். ஐயம் ஏற்பட்டால் திருச்சிக்குச் சென்று அந்த மாதிரியையே பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் நூல்கள் பல தொகுதிகள் கொண்டவை, ஆங்கிலத்தில் உள்ளவை. கிராமத்துப் பள்ளி நூலகத்தில் அவற்றை எதிர்பார்க்க முடியாது.

இந்த நூல்களைப் பயன்படுத்துவோர் பெயர் மாற்றங்களையும் கவனிக்க வேண்டும். இமயமலைப் பகுதியில் மிகுந்துள்ள கோப்ரீசியா என்ற பேரினம் 2015இல் காரெக்ஸோடு சேர்க்கப்பட்டது. கில்லிங்கா, பைக்ரியஸ் போன்றவை இப்போது சைப்பெரஸில் அடங்குகின்றன. பழைய நூலின் பெயரை அப்படியே எடுத்து எழுதினால் ஒரே செடிக்கு இரண்டு கட்டுரைகள் உருவாகும். இது நடந்தும் இருக்கிறது.

சிற்றினமா, வகையா?

நெருங்கிய செடிகளைப் பற்றி எழுதும்போது தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. "கோரையில் பல வகைகள் உள்ளன" என்று எழுதுகிறோம். இங்கே வகை என்பது சிற்றினத்தைக் குறிக்கிறது. நெல்லில் பொன்னி, ஐ.ஆர். 20 என்பவற்றையும் வகை என்கிறோம், ரகம் என்கிறோம். அவை மனிதர் தேர்ந்து வளர்த்த பயிர் ரகங்கள். தாவரவியல் விதிப்படி வகை என்பது சிற்றினத்துக்குக் கீழுள்ள ஒரு படிநிலை. இயற்கையில் சிறிதளவு நிலையான வேறுபாட்டோடு காணப்படும் கூட்டம். மூன்றும் ஒரே சொல்லில் அடைபட்டுவிடுகின்றன.

சிற்றினத்துக்கும் வகைக்கும் இடையிலான கோடும் அசையாத கோடு அன்று. பாய்க்கோரையான சைப்பெரஸ் பங்கோரியே ஒரு காலத்தில் கோரிம்போசஸின் வகையாக வைக்கப்பட்டது. இன்று தனிச் சிற்றினமாக ஏற்கப்படுகிறது. எதிர்த்திசையிலும் நடப்பதுண்டு. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வளரும் காரெக்ஸ் ஸ்கோபுலோரம் 1902இல் தியோடர் ஹோம் பெயரிட்டது. அதே ஆண்டில் அவர் பிரியோனோபில்லா என்ற இன்னொரு சிற்றினத்தையும் வெளியிட்டார். இன்று பிரியோனோபில்லா ஸ்கோபுலோரத்தின் மூன்று வகைகளில் ஒன்றாக மட்டுமே கருதப்படுகிறது. அடியிலுள்ள இலையுறைகள் நார்நாராகப் பிரிவது அதை அறிய உதவும் பண்புகளில் ஒன்று.

ஆகவே வகைகளைப் பிரித்தறியும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். இந்த இரண்டு செடிகளும் எந்தப் பண்பில் வேறுபடுகின்றன என்பது முதல் கேள்வி. அந்த வேறுபாட்டுக்கு எந்தப் படிநிலை தருவது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் செடியே விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அறிஞர்கள் காலந்தோறும் வெவ்வேறு விடை சொல்வார்கள். முதல் விடையைச் சரியாக எழுதிய கட்டுரை, இரண்டாம் விடை மாறினாலும் பழுதாகாது.

தமிழ்க் கட்டுரைகளின் குறைகள்

நம் கட்டுரைகளில் காணப்படும் குறைகளை மூன்றாகச் சுருக்கலாம். என் பழைய கட்டுரையில் மூன்றும் இருந்தன.

ஒன்று, ஒவ்வொரு செடியும் தனியாக வருணிக்கப்படுகிறது. "பல்லாண்டுத் தாவரம், முக்கோணத் தண்டு, நீண்ட இலைகள், ஈர நிலங்களில் வளரும்" என்பது நூற்றுக்கணக்கான கோரைகளுக்குப் பொருந்தும். எதனோடு குழம்பக்கூடும் என்ற வரி பெரும்பாலும் இல்லை.

இரண்டு, பயன் அடையாளத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மருத்துவப் பயன் நான்கு பத்திகள், கனிப்பை அரை வரி. செடியைச் சரியாக அறியாமல் பயனை எழுதுவது, முகவரி இல்லாமல் கடிதம் எழுதுவதைப் போன்றது. கிழங்குக் கோரைகளில் இது வெறும் ஏட்டுப் பிழையாக நிற்காது. சைப்பெரஸ் ரோட்டண்டஸின் மணமுள்ள கிழங்குகள் கொடியில் சங்கிலி போலத் தொடர்ந்து அமையும். கதிர்கள் செம்பழுப்பாக இருக்கும். சைப்பெரஸ் எஸ்குலெண்டஸின் கிழங்கு இனிப்பானது, கொடியின் நுனியில் ஒவ்வொன்றாக உருவாகும். கதிர்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். ஒன்று மருந்து, மற்றது உணவு. இந்த நான்கு வரிகள் கட்டுரையில் இருந்தால் வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்வார்.

மூன்று, படம். கோரைக் கட்டுரைகளில் பெரும்பாலும் பசுமையான புதர் ஒன்றின் படம் இருக்கும். அதிலிருந்து பேரினத்தைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

இதனால் என்ன?

இத்தனை நுணுக்கம் பொதுவாசகருக்குத் தேவையா என்று சிலர் கேட்கலாம். நீலகிரியிலிருந்து ஒரு சான்று சொல்லலாம். உதகை அருகே சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கில் செடிகள் முழுவதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த கரிச்சேற்று நிலம் உள்ளது. நீலகிரியின் இத்தகைய படிவுகளில் உள்ள கார்பனை ஆராய்ந்து, சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் கடந்த சுமார் 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப மாற்றத்தை 1993இல் நேச்சர் இதழில் விளக்கினர். சி3, சி4 எனப்படும் இருவகை ஒளிச்சேர்க்கை முறைகளைக் கொண்ட செடிகள் விட்டுச்செல்லும் கார்பன் தடம் வெவ்வேறானது. வறண்ட காலத்தில் சி4 செடிகளும் ஈரமான காலத்தில் சி3 செடிகளும் ஓங்கின என்பது அந்த வாசிப்பின் அடிப்படை. காரெக்ஸ் சி3 முறையைச் சேர்ந்தது. சைப்பெரஸ் ரோட்டண்டஸ் சி4 முறையைச் சேர்ந்தது. "அங்கே கோரை வளர்ந்தது" என்று மட்டும் சொன்னால், மழையைச் சொன்னோமா வறட்சியைச் சொன்னோமா என்பதே தெரியாது.

அதே சதுப்புகளில் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற அரிய புல்லும் வளர்கிறது. தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921இல் நூல் எழுதிய ரங்காச்சாரியின் பெயரை அதற்குச் சூட்டியவர் ஃபிஷர். தோடர்கள் தங்கள் கோவிலின் கூம்புக் கூரையை வேய அந்தப் புல்லையே தேர்ந்தெடுக்கிறார்கள். கோரைகளுக்கும் வேறு புற்களுக்கும் நடுவே அதை அவர்கள் பிழையின்றிக் கண்டுகொள்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கோ அந்தச் சதுப்பு வெறும் புல் முளைத்த சேறாகத் தெரிந்தது. பல சதுப்புகள் வடிக்கப்பட்டுத் தோட்டமாயின. புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன.

சமவெளியிலும் நிலை வேறல்ல. ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகிய இந்த வட்டாரத்தில் ஏரி என்றால் நீர் நிற்கும் பகுதி மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. நீர் ஏறி இறங்கும் ஓரம் "கோரை மண்டிக் கிடக்கிறது" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அந்தக் கோரை எத்தனை சிற்றினம், எது நீருக்குள் நிற்பது, எது கரை காய்ந்தபின் வருவது என்று ஒரு பள்ளி மாணவர் பட்டியலிட்டிருந்தால், ஏரியின் எல்லை எதுவரை என்பதற்கு அதுவும் ஒரு சான்றாக இருக்கும். பெயர் தெரியாத செடி இருந்த இடம் காலி இடமாகவே எண்ணப்படும்.

எழுதுவோருக்குச் சில பரிந்துரைகள்

கோரையைப் பற்றிய ஒவ்வொரு கட்டுரையிலும் "ஒத்த தோற்றமுடையவை" என்ற பகுதி இருக்க வேண்டும். குறைந்தது ஓர் உறவுச் செடியையாவது சொல்லி, வேறுபாட்டை ஒரே பண்பில் நேருக்கு நேர் காட்ட வேண்டும். ஒன்றுக்கு இலையையும் மற்றதற்குக் கனியையும் சொன்னால் அது ஒப்பீடாகாது.

வகை என்ற சொல்லைத் தாவரவியல் படிநிலைக்கும், ரகம் என்பதைப் பயிர் ரகத்துக்கும், சிற்றினம் என்பதை அதற்குரிய பொருளிலும் மட்டும் பயன்படுத்தலாம். பொதுவாகச் சொல்ல விரும்பினால் "பலவிதக் கோரைகள்" என்றே எழுதலாம்.

படம் எடுப்பவர் ஐந்து படங்கள் எடுக்கட்டும்: முழுச் செடி, அடிப்பகுதி இலையுறை, முழுப் பூங்கொத்து, ஒரு கதிர், அளவுகோலின் மேல் வைத்த ஒரு கனிப்பையும் அதன் செதிலும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையும் பள்ளி அளவுகோலும் இதற்குப் போதும். முதிர்ந்த கனி இல்லாவிட்டால் சிற்றினப் பெயரை உறுதியாக எழுதாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நேர்மை. முக்குருத்தி போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி எதையும் பிடுங்கக் கூடாது.

ஐயம் இருந்தால் திருச்சி ராப்பினாட் தொகுப்பும், கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டலத்தில் உள்ள சென்னை உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. பழைய நூல்கள் பல இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

முடிவுரை

தாவர நூல்கள் பிரித்தறியக் கற்றுத்தருகின்றன; ஆனால் அவற்றின் மொழி நம் மாணவரிடமிருந்து தொலைவில் நிற்கிறது. நம் கட்டுரைகள் மாணவரின் மொழியில் பேசுகின்றன. ஆனால் பிரித்தறியக் கற்றுத்தருவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பப் புதிய ஆராய்ச்சி தேவையில்லை. ஃபிஷரின் திறவுகோலில் உள்ள ஒப்பிடும் முறையை எளிய தமிழில் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

என் பழைய கட்டுரையைத் திருத்திவிட்டேன். திருத்தும் முன் ஏரிக்கரைக்குச் சென்று, தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். முக்கோணமாக இருந்தது. நான் எழுதியிருந்ததோ உருண்டைத் தண்டுடைய கோரையின் வருணனை. அதைச் சுட்டிக்காட்டிய மாணவிக்கு நன்றி தெரிவித்து, புதிய கட்டுரையின் "ஒத்த தோற்றமுடையவை" பகுதியை அவரையே எழுதச் சொன்னேன். என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்.